கொக்கி போட்ட வெளிச்சம்

காலையில் எழுந்ததும் முருகேஷ் தான் வரைந்த படத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். விரலில் பழுப்பு ஒட்டுகிறது. முகர்கிறார். "டூப்ளிகேட் பெயிண்டுங்க தம்பி. வாரம் ஆயிப்போச்சு, இன்னும் காயல." எண்ணெய் வண்ணம் காய நாளாகும் என்று தர்மபுரிக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். வாசல் கேட்டுக்கு அடித்த பெயிண்ட் மத்தியானத்துக்குள் காய்ந்ததைப் பார்த்தவர் அதை நம்புவாரா? படம் முழுக்க அவருடைய ரேகைகள்.

நல்லம்பள்ளியில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். முருகேஷ் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். எந்தத் தெருவில் நுழைந்தாலும் கண் முதலில் கம்பத்திலிருந்து கூரைக்குக் கொக்கி போட்டு இழுத்த திருட்டு ஒயரைத்தான் தேடும். என்னிடமும் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. விடிய விடிய லைட் எரிகிறதே, என்ன படிக்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். கவிதை என்றேன். "அதுக்கா இவ்ளோ யூனிட்டு?"

ரத்த அழுத்தம் ஏறியதால், மனசுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்றார் டாக்டர். பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் கை பழகும் என்றது ஒரு யூடியூப் காணொளி. அதில் காட்டிய பரோக் காலத்து ஐரோப்பிய வீட்டு அறையை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிவைத்திருக்கிறார். இடதுபுறம் ஜன்னல், முதுகு காட்டி உட்கார்ந்து எதையோ படிக்கும் பெண், பின்சுவரில் லேசாகத் திறந்த கதவு.

வரையத் தொடங்கியதுமே சந்தேகம் வந்துவிட்டது. அவள் தோளில் விழும் வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்ததில்லை. நூல் பிடித்துப் பார்த்தார். "மெயின் லைன் இல்லீங்க இது. உள்ரூம்ல இருந்து கொக்கி போட்டு இழுத்திருக்கான். உள்ள யாரோ இருக்கான்." தன் படத்தில் அந்தக் கதவை அகலத் திறந்து வரைந்தார். உள்ளே யாருமில்லை. கொட்டிய வெளிச்சத்தில் அந்தப் பெண், தூக்கத்தில் யாரோ போர்வையை உருவினாற்போல் வெளிறிப்போனாள்.

அவர் வீட்டிலும் அப்படி ஒரு கதவு உண்டு. மகள் கோகிலவாணி கல்லூரியில் இரண்டாம் வருடம். மூடிய அறைக்குள் போனில் சிரிக்கிறாள் என்று பொங்கல் கழித்துத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். திருகாணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. பரீட்சை முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகிறாளாம், லீவுக்குக்கூட வரமாட்டாளாம். அம்மா பாஞ்சாலியிடம் சொல்லியாகிவிட்டது. தாழ்ப்பாள் பிரஷ் டப்பாவில் கிடக்கிறது. "வரையற வூட்டுக் கதவயாச்சும் சும்மா வுடக்கூடாதா?" என்றார் பாஞ்சாலி.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கீழே கூப்பிட்டார் முருகேஷ். படத்துச் சுவரின் காயாத பழுப்பை யாரோ விரலால் இழுத்து, அகலத் திறந்த கதவைப் பழையபடி லேசாகச் சாத்தியிருந்தார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. அவர் முதலில் பார்த்தது என் கைகளைத்தான்.

பாஞ்சாலி எனக்கும் ஒரு தட்டில் களி வைத்தார். எதிரே உட்கார்ந்து களியை உருட்டிக்கொண்டிருந்த கோகிலவாணியின் நகக்கண்ணில் பழுப்பு. முருகேஷ் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் எழும் என்று குனிந்துகொண்டேன்.

அவள் தட்டிலிருந்து நிமிராமலே பேசினாள். "அவ படிச்சிட்டுத்தானப்பா இருக்கா. வேற என்னா பண்றா?"

முருகேஷ் கை கழுவிவிட்டு வந்து படத்தின் முன் நின்றார். சின்ன ரேகையின்மேல் வைக்கப்போன விரலைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டார். பிரஷ் டப்பாவைத் துழாவினார்.

அதற்குள் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். தொட்டால் திறந்துகொள்ளும் கதவு. ஒரு கையில் தாழ்ப்பாளும் திருப்புளியுமாகப் போனவர், மறு கையால் அதைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை வெளியே நின்றார்.