எண்பத்து மூன்றாம் துண்டு

சான் ஹோசேயில் மகன் வீட்டில் நான் இருந்தபோது, சம்பந்தி அம்மாவும் தன் மகளைப் பார்க்க வந்து சேர்ந்தார். கணக்கு டீச்சராக இருந்தவர். நான் மூன்றாம் வகுப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் படிப்பதைப் பார்த்தால் மட்டும் வயிறு எரியும்.

மருமகள் கட்டடம் வரைகிறவள். அப்போது ஒரு நூலகத்துக்குக் கூரை வரைந்துகொண்டிருந்தாள். ஈர வேட்டியைக் கொடியில் போட்டால் நடுவில் தொய்யுமே, அந்த மாதிரிக் கூரை.

"இதை எப்படிம்மா கையால வரைஞ்சே?" என்று கேட்டேன்.

"கையால எங்க அத்தை? எந்த இடத்துல எவ்வளவு வளையணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிடுவேன். அதுவே துண்டு துண்டாப் பிரிச்சு எண் போட்டுக் குடுத்துடும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒரு இடத்துல வளைவை மாத்தினா எல்லாத் துண்டும் மாறிடும்."

ஆபீசில் காட்ட அதை அட்டையில் சின்னதாகச் செய்ய வேண்டியிருந்தது. இருநூறு துண்டுக்குக் குறையாது. வெட்டுகிற வேலை எனக்கு. ஓரத்தில் இங்கிலீஷில் இருந்த குறிப்பைப் படித்து ஒட்டுகிற வேலை சம்பந்திக்கு. என் கத்தரி கோட்டை விட்டு ஒரு நூல் விலகாது. ஆனால் வெட்டியதை யார் பார்க்கிறார்கள்?

மகன் வந்தான். "அத்தை, பிரமாதமா ஒட்டியிருக்கீங்க" என்றான். கீழே கிடந்த அட்டை ஓரங்களைப் பார்த்து, "அம்மா, இதைக் கொஞ்சம் பெருக்கிடேன்" என்றான். "நீங்க உக்காருங்க சம்பந்தி" என்று அதையும் அவரே பெருக்கினார்.

அன்றைக்குத்தான், இன்னும் ஒட்டாமல் கிடந்த எண்பத்து மூன்றாம் துண்டை என் புடவைப் பெட்டிக்குள் வைத்தேன். கூரையின் நடுவில் வருகிற துண்டு. அவர் ஒட்டியதில் ஓட்டை விழட்டும் என்றுதான் வைத்தேன். வேறு காரணம் சொல்லப்போவதில்லை.

மறுநாள் சம்பந்தி வீடெல்லாம் தேடினார். மருமகள் அலட்டிக்கொள்ளவில்லை. "இன்னொண்ணு பிரிண்ட் பண்ணிக்கலாம்மா" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிரிண்ட் ஆகி வந்ததை நானே வெட்டிக் கொடுத்தேன். பொருந்தவில்லை. ஒரு பக்கம் இடைவெளி, மறு பக்கம் ஏறி நின்றது.

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் ஆபீசில் வளைவைக் கொஞ்சம் மாற்றி, பழசின் மேலேயே சேவ் பண்ணிவிட்டாளாம். பழைய துண்டு இனி எங்கும் கிடையாது. மறுபடி அத்தனையும் வெட்டி ஒட்ட நேரமில்லை.

"நாளைக்குக் காலைல காட்டணும். இது சரியா வந்தாத்தான் இந்த வேலையை என்கிட்ட விடுவாங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

நான் மெதுவாக அறைக்குப் போய், துண்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மேஜைக்கடியில் குனிந்து தேடுவதுபோல் தேடி, "இந்தா, கால் பக்கம் கிடக்கு" என்று நீட்டினேன்.

அந்த இடத்தைப் பெருக்கியவர் சம்பந்தி. காலையில் தவழ்ந்து தேடியவரும் அவரே. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான்தான் சரியாப் பாக்கலை போல. கண்ணாடியை மாத்தணும்" என்று வாங்கி ஒட்டினார். அச்சாகப் பொருந்தியது.

"பாரு, உன் மாமியார் எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்காங்க" என்று மகளிடம் காட்டினார்.

திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன், அதற்கு எனக்கு வாய் உண்டு. பெரிய மனசு என்கிற பேரையும் அவரே எடுத்துக்கொண்டாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.