தள்ளுபடித் தொட்டியிலிருந்து மூன்று பொய்யிரைகள்

லோர்னா டெக்கருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் கடைசி ஒன்பது கோடைகள் படகில்லாமல் போயின. மிச்சிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அப்பா விட்டுப்போன அலுமினியப் படகு ஒன்று. அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஏரிக்கரைக் கடை ஜூனில் நடத்தும் தூண்டில் போட்டியில் இருவரில் முந்துபவருக்கே அந்த வருடம் படகு என்று அவளும் தம்பி டுவைட்டும் பேசிவைத்திருந்தார்கள். ஒன்பது முறையும் டுவைட்தான்.

போட்டிக்கு விலையுயர்ந்த சாமான் ஆகாது. கடையின் தள்ளுபடித் தொட்டியில் கிடக்கும் மலிவுச் சரக்கிலிருந்து ஆளுக்கு மூன்று பொய்யிரை, அவ்வளவுதான். நண்பகலுக்குள் பெரிய வாயுள்ள பாஸ் மீன் ஒன்றும், உள்ளங்கை அளவே இருக்கும் புளூகில் மீன் ஒன்றும் பிடிக்க வேண்டும். இரண்டின் நீளத்தையும் கூட்டுவார்கள். ஒன்று இல்லாவிட்டாலும் ஆள் அவுட்.

காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் தொட்டியைச் சுற்றித் தள்ளுமுள்ளு. டுவைட் ரப்பர் தவளையையும், உள்ளங்கை நீளத்துக்கு மினுக்கும் இரண்டு வெள்ளி மீன்களையும் அள்ளினான்.

"என்னக்கா, அந்தப் பொடிசையா எடுக்கற? கொசு பிடிக்கப் போறியா?"

லோர்னாவின் கையில் மிளகளவு ஈயத்தலை, பின்னால் வெள்ளை ரப்பர் வால். தூண்டில் முள் கூராக இருக்கிறதா என்று நகத்தின் மேல் இழுத்துப் பார்த்தாள். வழுக்காமல் கீறியது.

"புளூகிலுக்கு உன்னை மாதிரி வாய் இல்லடா. சட்டைப் பித்தான் அளவுதான்!"

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலங்கிய தண்ணீரில் நிழலாகத் தெரியும் என்று கறுப்பு ரப்பர் புழு ஒன்றும், தகடு சுழலும் சின்னப் பொய்யிரை ஒன்றும் எடுத்துக்கொண்டாள்.

படகுத்துறைப் பலகையில் நின்று அவள் வீசிய மூன்றாவது வீச்சிலேயே வெள்ளை வால் ஒரு புளூகிலைக் கொண்டுவந்தது. எட்டு அங்குலம்! பாஸ்தான் மிச்சம். புழு களையில் மாட்டி அறுந்தது. சுழல்தகட்டை, பைக் என்னும் கூர்பல் மீன் ஒன்று நறுக்கிக்கொண்டு போனது. பாக்கி அந்தப் பொடிசு ஒன்றுதான், அதுவும் தலைமுடி மாதிரி மெல்லிய தூண்டில் நரம்பில்.

டுவைட் அப்பாவின் படகில் போய், தவளையை வைத்துப் பெரிய பாஸ் ஒன்றைப் பிடித்துவிட்டான். ஆனால் புளூகில்கள் அவன் வெள்ளி மீன்களை முட்டிவிட்டுப் போயின, முள் அந்தச் சின்ன வாய்களில் நுழையவில்லை. இதற்கிடையில் மோட்டார் விசிறியில் களை சுற்றிக்கொள்ள, படகைக் கரையேற்றினான். ஏற்றினால் அடியிலுள்ள தக்கையைக் கழற்றி நீரை வடிப்பது இங்கே கைப்பழக்கம்; கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். களையை அறுத்தான். நேரமில்லை. படகைத் திரும்பத் தள்ளி ஏறினான்.

நண்பகலுக்குச் சில நிமிடம் இருக்கையில், அல்லியிலைகளின் ஓரத்தில் லோர்னாவின் தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினாள். கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. பாஸ்! அதே நேரம் ஏரியிலிருந்து அலறல்.

"அக்கா! தண்ணி ஏறுதுக்கா! கயிறு போடு!"

"எழுந்து நில்லுடா, அங்க இடுப்பளவுதான்!"

"படகு முழுகுது!"

"பத்திரமாப் பிடிச்சுக்க! இன்னும் கொஞ்ச நேரத்துல அது என்னுது!"

கரை முழுக்க விசில். பலமாக இழுத்தால் நரம்பு அறும். மீன் ஓடும்போது விட்டாள், களைத்தபோது சுற்றினாள். பலகையில் குப்புறப் படுத்து, கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுத் தூக்கினாள். பதினாறு அங்குலம்! கடைக்காரர் மெர்ல் அளந்து முடித்து நண்பகல் மணியடித்தார்.

டுவைட் படகை இழுத்தபடி தண்ணீரில் நடந்துவந்தான். சொட்டச் சொட்டத் தக்கையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"கொசுவா பிடிச்சேன்?" என்றாள்.

"போக்கா."

ஞாயிறு மதியம் டுவைட் தன் வண்டியில் கட்டி, படகை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான்.