சியமினியம்மாவின் கடைசித் தாள்

சுவாஹிலி பேசும் கடலோர டாங்கா ஊரில் எட்டாவது தெருவில் அரிசிப் பணியாரம் சுடும் சியமினியம்மா, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நாவல்களை வாடகைக்கு விட்டவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் கதை வாங்கிப் படித்துத்தான் காதலிக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்படிச் சொன்னால் மீதிப் பாதி கோபித்துக்கொள்ளும். கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்கு இந்தக் கதை தெரியவந்தது செம்போஜா வாத்தியாரால். நான் சௌதா, அச்சகத்தில் பக்கம் அமைப்பவள். வாத்தியார் ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். சுவாஹிலிப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுத மூன்று மாதத்துக்கொரு பத்திரிகை நடத்துவது அவர் யோசனை. கூடவே, எங்கும் கிடைக்காமல் போன ஆறு பழைய நாவல்களின் மறுபதிப்பு, ஒரே பெட்டியில். இஞ்சி போட்ட காப்பியைக் குடித்துக் குடித்தே இரண்டு மாதம் திட்டம் போட்டோம்.

ஐந்து நாவல்கள் முழுசாகக் கிடைத்தன. ஆறாவது ‘உப்பளத்து மணப்பெண்’. அதுதான் வாத்தியாருக்கு உயிர். எழுதியவரும் உயிரோடு இல்லை, அச்சிட்டவரும் இல்லை. எங்களுக்குத் தெரிந்து மிஞ்சியது வாத்தியாரிடம் இருந்த ஒரே பிரதி. அதில் கடைசித் தாளைக் காணோம்.

“எலி கடிச்சிருக்கும்,” என்றார்.

“எந்த ஊர் எலி வாத்தியாரே, பிளேடு வெச்சு இவ்வளவு நேரா வெட்டும்?”

“அதனால என்ன சௌதா? முடிவுதான் எனக்குத் தெரியுமே. கல்யாணத்தன்னிக்கு அவ கடல்ல விழுந்து செத்துப்போறா. நாமளே நாலு வரி எழுதிடலாம்.”

முப்பது வருஷம் வகுப்பில் அந்தச் சாவைச் சொல்லிப் பிள்ளைகளை அழவைத்தவர் அவர். எழுதிக் கொடுத்திருந்த முன்னுரையிலும் ஆறு பக்கம் அதற்கே போயிருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. செத்துப்போன எழுத்தாளர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்பதற்காக அவர் கதையை நாங்கள் முடித்துவைப்பதா? கடைசித் தாள் கிடைக்காவிட்டால் பெட்டியில் ஐந்து நாவல்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வாத்தியாரின் முகம் வாடிப்போயிற்று.

எங்கள் பைண்டர் அந்தப் புத்தகத்தை வாங்கி முதுகைப் பார்த்தார். பச்சை நூல் தையல். “இது சியமினி கடைப் புத்தகமாச்சே. அப்போ தாளும் அங்கதான் இருக்கும்,” என்றார்.

அந்தம்மாவின் தொழில் முறை அப்படி. வாங்கிப்போகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தராமல் ஏய்த்ததால், ஒவ்வொரு நாவலிலும் கடைசித் தாளை வெட்டி ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாராம். புத்தகம் திரும்பி வந்தால்தான் தாள் கைக்கு வரும். கடை முன்னால் நின்றபடியே முடிவைப் படித்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலமானால் அங்கே நாலு பேராவது நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்களாம்.

எலிக் கதையின் லட்சணம் எனக்குப் புரிந்துவிட்டது. முட்டி வலி என்று நழுவப் பார்த்த வாத்தியாரை இழுத்துக்கொண்டு போனேன்.

சியமினியம்மா பணியாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாத்தியார் கையிலிருந்த புத்தகத்தின் பச்சை நூலைத்தான் முதலில் பார்த்தார், பிறகுதான் ஆளை.

“டேய், நீ செம்போஜாதானே? மீசை நரைச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா?”

“ஷிகாமூ, அக்கா,” என்று வாத்தியார் பவ்யமாக வணங்கினார்.

“வணக்கமெல்லாம் அப்புறம். நாப்பத்தோரு வருஷம்டா! ஒரு புத்தகம் படிச்சு முடிக்க இவ்வளவு நாளா?”

“திருப்பித் தந்தா கடைசித் தாளைப் படிக்கணுமேக்கா. அவ சாகறதைப் படிக்க எனக்குத் தெம்பில்ல.”

“எவ செத்தா?”

“நீங்கதானே சொன்னீங்க! பாதி படிச்சுட்டு ஓடிவந்து முடிவு என்னன்னு கேட்டேன். ‘கடல்ல விழுந்து செத்துட்டா, போடா’ன்னீங்க.”

சியமினியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “தினம் வந்து என் உசிரை எடுத்தே. தொல்லை தாங்காம ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா பைத்தியக்காரா!”

சிரித்துக்கொண்டே உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார். திறந்தால், உள்ளே ஒரே ஒரு தாள்.

“கடையை மூடறப்போ எல்லாத் தாளையும் அதது புத்தகத்துல ஒட்டி வித்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. டப்பாவைத் தூக்கிப் போடுங்கன்னு மருமக சொல்லிட்டே இருக்கா. நீ வருவேன்னு வெச்சிருந்தேன்.”

வாத்தியார் நின்றபடியே படித்தார். மணப்பெண் கடலில் விழவில்லை. மருதாணிக் கையோடு படகேறிப் பங்கானி ஊருக்குப் போய், அங்கே ஓர் உப்பளத்தில் வேலைக்குச் சேருகிறாள். முதல் நாள் வெயிலில் நின்று பாடுகிறாள். அவ்வளவுதான் கதை. வாத்தியார் மறுபடி படித்தார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உசிரோடதான் இருந்திருக்கா, சௌதா. இத்தனை வருஷமும்.”

“ஆறு பக்க முன்னுரை என்ன ஆகறது?” என்று கேட்டு வைத்தேன்.

“கிழிச்சுப் போடு. பத்திரிகையோட முதல் கட்டுரையா என் தப்பைத்தான் எழுதப்போறேன். என்கிட்ட படிச்சதுங்க எல்லாத்துக்கும் அவ சாகலைன்னு தெரியணும்.”

நான் தாளை இரண்டு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். சியமினியம்மா பணியார மாவை விரலில் தொட்டு, தாளைப் புத்தகத்தில் ஒட்டி, ஓரத்தை நீவி, வாத்தியாரிடம் நீட்டினார்.

“இந்தா, இப்போ வீட்டுக்குக் கொண்டு போ.”

பிறகு அந்தப் பால்மாவு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.