நியூட்ரல் புத்தி

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிக்குப் போய் உட்கார வேண்டும் என்றார்கள். இருபது வருடமாகத் தென்காசியில் வேன் ஓட்டுகிறவனுக்குப் பயிற்சி! வந்த கோபத்தில் காலை இட்லியைப் பிய்க்காமல் முழுசாக விழுங்கினேன். ஆனால் போகாமல் முடியாது. சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவிக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. சான்றிதழ் இல்லையென்றால் சீசன் முழுக்க என் வேனுக்குள் கோழி அடைகாக்கும்.

வகுப்பு எடுக்க வந்தவர் ஒரு பெண். வயதில் என் தங்கச்சிக்கும் தங்கச்சி. "மலை இறக்கத்துல வண்டி எந்தக் கியர்ல வரணும்?" என்று கேட்டார்.

"நியூட்ரல்ல" என்றேன், சத்தமாக. "டீசல் மிச்சம்லா மேடம்!"

பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் மேசையைத் தட்டினார். "அப்படிச் சொல்லும்வே!" எங்கள் பக்கம் ஆரியங்காவுக்கு ஏறி இறங்கும் எல்லோருக்கும் இது வேதம். மலை உச்சியில் கோட்டைவாசல் தாண்டியதும் நியூட்ரலில் தள்ளிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போடுவோம்.

அந்தம்மா சிரித்தார். அதுதான் எனக்கு ஆகவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

மத்தியானம் பயிற்சி வேனில் எங்களை ஏற்றி கோட்டைவாசலுக்குக் கூட்டிப்போனார். "அண்ணாச்சி, நீங்களே இறக்குங்க. உங்க முறைப்படி."

நியூட்ரலில் இறக்கினேன். புளியரை வளைவுகளில் பிரேக்கை மிதித்து மிதித்து, கல்யாண மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். கீழே நிறுத்தியதும் கருகல் வாடை.

"சக்கரத்துப் பக்கத்துல கையக் கொண்டு போய்ப் பாருங்க. தொட்டுறாதீங்க" என்றார். அனல் அடித்தது. போதாக்குறைக்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த திரையைக் காட்டினார். நியூட்ரலில் வந்த தூரம் முழுக்க டீசல் எரிந்திருந்தது.

மறுபடி மேலே போனோம். இந்த முறை இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கச் சொன்னார். இன்ஜின் உறுமியது; வண்டி தானாக அடங்கி வந்தது. திரையில் டீசல் கணக்கு பூஜ்யம். இந்தக் காலத்து வண்டியில், கியரில் இறங்கும்போது டீசல் போவதே நின்றுவிடுமாம்.

"அண்ணாச்சி, மாட்டு வண்டியா ஓட்டுதிய?" என்று பின்னாலிருந்து லாரி டிரைவர் கத்தினார்.

"வாய மூடும்வே!" என்று நான் கத்தியதில் எல்லோரும் அடங்கிப்போனார்கள். எனக்கு அவர் மேல் கோபமில்லை. அந்தம்மா மேலும் இல்லை. இத்தனை வருடம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஐயப்ப சாமிமார்களையும் பின்னால் உட்காரவைத்து, பிரேக்கைத் தீய்த்துக்கொண்டு, டீசலையும் கொட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான் ஒருவன். அதற்குப் பெயர் அனுபவமாம்! அவன் கழுத்தைப் பிடிக்கலாம் என்றால் அது என் சட்டைக்குள்ளேயே இருக்கிறது.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். வீட்டில், "என்ன சொல்லிக் குடுத்தாவ?" என்று மனைவி கேட்டாள். "வண்டி ஓட்ட" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தோசை கருகியது.

அடுத்த வாரம் பாலருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே இறக்கம். வளைவுக்கு முன் ஒரு லாரி மறித்ததில் வண்டியை நிறுத்தினேன். லாரி நகர்ந்தது. இரண்டாவது கியரைப் போட்டு இறங்கத் தொடங்குவதற்குள், என் இடக்கை என்னைக் கேட்காமலே நியூட்ரலுக்குப் போனது. பிரேக்கை அழுத்தி நின்று, வலக்கையால் அந்தக் கைமேல் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

பின்னால் ஈரத்தலையோடு இருந்த அம்மாள் பதறினார். "என்ன அண்ணாச்சி, கொசுவா?"

"ஆமாம்மா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ரத்தம் குடுத்து வளத்த கொசு."