இல்லாத வீடும் போன சீட்டும்

லண்டனில் வளர்ந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயந்து, இங்கே பார்க்கிங் என்ற பகுதியில் பிறந்த மகளை மனைவியோடு சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தேன். பள்ளி முடித்துத் திரும்பியவளுக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் கடைசி மூன்று வருடம் இங்கே வசிக்காததால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்றார்கள். எங்களால் கட்டவே முடியாத தொகை அது.

தற்காலிகமாகப் போயிருந்தால் உள்ளூர்க் கட்டணத்துக்கு வாய்ப்புண்டாம். அதை விசாரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. கலியாண வீடுகளில் அளந்து பழகிய வாய் சும்மா இருக்குமா? "அங்கே சொந்த வீடே வாங்கி நிரந்தரமாகக் குடியேற்றினேன்" என்றேன். உண்மையில் அது வாடகை வீடு. பிறகு அதைச் சொல்லி முறையிட்டும் யாரும் நம்பவில்லை.

"அப்பா, இல்லாத வீட்டை வாங்கி, கிடைச்ச சீட்டை வித்துப்போட்டியள்" என்றாள் மகள். இப்போது ஒரு கடையில் வேலை செய்தபடி, உள்ளூர்க் கட்டணத்துக்கு வேண்டிய மூன்று வருடத்தைக் கழிக்கிறாள். அதன்பிறகும் இடம் கிடைக்குமோ தெரியாது.

இப்போதெல்லாம் அலுவலகப் போன் வந்தால் மகளிடமே கொடுத்துவிடுகிறேன். பிள்ளையை வெளியே அனுப்ப நினைப்பவர்களிடம், முதலில் கட்டண விதியை விசாரிக்கச் சொல்கிறேன். போன கிழமை, மகனைச் சென்னையில் படிக்கவைக்கப்போகும் ஒரு நண்பரிடமும் சொன்னேன்.

"எங்கட பெடியன் கெட்டிக்காரன் அண்ணை, ஸ்கொலர்ஷிப் எடுப்பான்" என்றார். டிக்கெட்டும் போட்டாச்சாம்.