வாசிக்காமல் விட்ட பந்தி

நெல்லியடியில் ஒரு புத்தகக்கடை மாடியில் சனிக்கிழமைகளில் அட்டை விளையாடக் கூடுவோம். அங்கே வருகிறவர்களில் மூத்தவர் ஒருவர்; அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தபால் கந்தோரில் வேலை. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அட்டையைத் தொடமுதல் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரித்து விரல் விரலாகத் துடைப்பார்.

எங்கள் விளையாட்டில் முதலில் மூன்றே வகை அட்டைகள்: மிருகம், மந்திரம், நிலம். பிறகு கருவி என்று நாலாவது வந்தது. வருசா வருசம் கம்பனி வகைகளை மாற்றி, ஆங்கிலத்தில் புது விதித்தாள் விடும். அவர் அதைத் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கும் ஆங்கிலம் வாசிக்க வரும். ஒருநாளும் தாளை வாங்கிப் பார்த்ததில்லை.

போன வருசமும் வாசித்தார். முடித்த கையோடு, தன்னுடைய நிலம் அட்டைகள் பன்னிரண்டையும் நீட்டி, என்னிடமிருந்த வெள்ளி யானை என்ற மிருக அட்டையைக் கேட்டார். ஒன்றுக்குப் பன்னிரண்டு! சந்தோசமாக மாற்றினேன்.

அடுத்த மாதம் பருத்தித்துறையில் நடந்த போட்டியில் நடுவர் அந்தப் பன்னிரண்டையும் திருப்பித் தந்துவிட்டார். நிலம் என்ற வகையையே கம்பனி எடுத்துவிட்டதாம். விதித்தாளில் அவர் எங்களுக்கு வாசிக்காமல் விட்ட கடைசிப் பந்தியில் அது கிடந்தது.

சனிக்கிழமை நேராகப் போய்க் கேட்டேன்.

"அண்ணை, தெரிஞ்சுகொண்டுதானோ என்னோடை மாத்தினனீங்கள்?"

"ஓம் தங்கச்சி." குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "உந்த யானையிலை எனக்குக் கனநாள் ஆசை. சும்மா கேட்டால் தரமாட்டீர் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு விரல்களைத் துடைத்து, யானையை எடுத்து மேசையில் வைத்து விளையாடத் தொடங்கினார்.

எத்தனை வருசம் எங்களுக்காக வாசித்த மனிசன். சும்மா கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். அதை மட்டும் அவருக்கு நான் சொல்லவேயில்லை.