புதுவாயல் ரோட்டில் கமான்பட்டை மாற்றிய நாள்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், பெரியபாளையத்திலிருந்து புதுவாயல் போகும் சாலையில் நடந்தது இது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். இரும்புக் குழாய், பழைய இரும்பு, மூட்டை என எது கிடைத்தாலும் ஏற்றுவேன். பல வருடங்களாக அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதில், பின் சக்கரங்களுக்கு மேலே பாரத்தைத் தாங்கும் கமான்பட்டைகள் வளைவு போய் நிமிர்ந்துவிட்டன. மாற்ற வேண்டும் என்று தெரியும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

என் வண்டிக்கு வழக்கமாக லோடு ஏற்றி இறக்கியவர்களில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞனும் உண்டு. அதிகம் பேசமாட்டான். லோடு இறங்கி முடிந்ததும் சொல்லாமலே வண்டியைப் பெருக்கிவிட்டுப் போவான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நான்காம் நாள் இறந்துவிட்டான்.

தகவல் தெரிந்து அவன் அப்பா ரயிலேறி வந்தார். உடலை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லை, இங்கேயே தகனம் செய்துவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அமரர் ஊர்தி வெளியே போயிருந்தது, திரும்ப மாலையாகும் என்றார்கள். அவனோடு அறையில் தங்கியிருந்தவர்கள் என்னிடம் வந்து தயங்கி நின்றார்கள். தினமும் அவன் ஏறி இறங்கிய வண்டிதானே, நான் கொண்டுவருகிறேன் என்றேன். அவர்கள் கும்மிடிப்பூண்டியில் சுடுகாட்டு வேலைகளைப் பார்க்கப் போனார்கள். நானும் அந்தப் பெரியவரும் மட்டும் உடலோடு கிளம்பினோம்.

முன்னால் உட்காரச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பின்னால் ஏறி, மகன் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பெரியபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். சாலையில் ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியதும் பின்னால் டமாரென்று சத்தம். இடது பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியவர் மகன் மேல் கவிழ்ந்து, உடல் சரியாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தெரிந்த வண்டிக்காரர்களுக்குப் போன் செய்தேன். என்ன லோடு என்று கேட்டார்கள். சொன்னதும் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. டயர் வண்டியின் அடித்தகட்டில் உரச உரச, நடை வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். சாலையோரம் ஒரு கமான் பட்டறை தெரிந்தது.

பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குனிந்து அடியில் பார்த்தார்.

"மெயின் பட்டையே போச்சுணா. இத்த வச்சிக்கினு ஒரு கிலோமீட்டர் கூடப் போவாது. பின்னால இருக்கிற லோட எறக்குங்க, தூக்கிப் பாத்துடலாம்."

நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழுந்து பின்பக்கம் வந்தார். பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்டியே வச்சி ஜாக்கி போட்டுத் தூக்கட்டுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "வாணாம். ஒரு பக்கம் தூக்கினா ஒடம்பு உருளும். பெத்தவரு பாத்துக்கினு இருக்காரு. கீழ எறக்கிடலாம்."

ஆனால் எங்கே இறக்குவது? பட்டறை முழுக்க எண்ணெயும் இரும்பும். பக்கத்து டீக்கடையில் நிழலான இடம் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டோம். அவர் பின்வாங்கினார்.

"இன்னா நைனா, வழியில பொணத்த எறக்கினா ஆவுமா? நாலு பேரு வந்து போற எடம். தப்பா எடுத்துக்காத."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவது என்னவென்று புரியாமல் பெரியவர் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்குப் பின்னால் வரிசையாகச் சில வீடுகள். அதில் முதல் வீட்டு வாசலில் ஓர் அம்மா கம்பெனிக்குக் கிளம்பி, கையில் டிபன் பையோடு நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கதவுக்கு மேலே சிறிய சிலுவை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் பையை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"எங்க ஊட்டு வாசல்ல வையுங்க. கூரை இருக்குது, வெயில் படாது."

"ஒனக்கு வேலைக்கு நேரமாவலயாக்கா?" என்றார் பட்டறைக்காரர்.

"ஒரு நாளு லீவு போட்டா இன்னா ஆயிடப் போவுது? புள்ளய வெயில்ல போட்டுக்கினு பேசிக்கினு நிக்கிறீங்க."

அவரே பாய் விரித்தார். மேலே துவைத்து மடித்த படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டார். நானும் பட்டறைக்காரரும் பெரியவருமாக உடலை இறக்கிக் கிடத்தினோம். அந்த அம்மா முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பின் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈ அண்டாமல் விசிற ஆரம்பித்தார்.

பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கினார். வண்டியைத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. வழக்கமாகச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அவர் ரம்பத்தால் அறுத்தார். அடித்தே ஆகவேண்டிய இடத்தில் சாக்கை மடித்து வைத்து அடித்தார்.

"அந்தாண்ட சத்தம் கேக்கக் கூடாதுணா," என்றார், நான் கேட்காமலே.

வலது பக்கம் உடையவில்லையே, ஒன்றை மட்டும் போட்டால் சீக்கிரம் போகலாமே என்றேன்.

"ஒரு பக்கம் புச்சு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி சாஞ்சிக்கினு போவும். அந்தப் புள்ளைக்கு இது கடைசிப் பயணம். நேரா போவட்டும்."

பைக்கை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பக்கத்துக்கும் பட்டை வாங்கி வந்தார். அவர் வரும்வரை நான் அந்த வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி ஊதுவத்தி கொண்டுவந்து, "ஏத்தலாமாக்கா?" என்று கேட்டாள். "அவங்க வழக்கம் அதான? ஏத்து," என்றார் அந்த அம்மா. இன்னொருத்தி தலைக்கு வாங்கி வைத்திருந்த பூவைப் பிரித்து அவன் காலடியில் போட்டாள்.

டீ கொடுத்தார்கள். பெரியவர் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தினி புள்ளிங்க?" என்று கேட்டார். தமிழ் அவருக்கு எங்கே தெரியும்? ஆனால் புரிந்துவிட்டது. மூன்று விரல்களைக் காட்டினார். காட்டிய விரல்களைத் தானே பார்த்தார். பிறகு ஒரு விரலை மெதுவாக மடக்கினார்.

அந்த அம்மா வெடித்து அழுதுவிட்டார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் அழுதார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெரியவர், டீயைக் கீழே வைத்துவிட்டு, மகன் நெஞ்சில் தலையைச் சாய்த்துக் குரல் விட்டு அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அழவிட்டார்கள். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வேலை முடிந்தது. வண்டி சமமாக நின்றது. உடலைத் தூக்க ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. முதலில் வந்து தலைப்பக்கம் கைகொடுத்தவர் டீக்கடைக்காரர். யார் முகத்தையும் பார்க்காமல் தூக்கி வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடி ஜெபம் செய்தார். விரித்த விரிப்பை எடுக்கவில்லை, அதோடே ஏற்றச் சொன்னார். கடைசியாக அவன் தலையைத் தடவி, "போப்பா. உங்க அப்பாரு கூடவே வர்றாரு, பயப்படாத," என்றார்.

மதியத்துக்குமேல் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தோம். காரியங்கள் நல்லபடியாக முடிந்தன.

மறுநாள் பெரியவரை ரயிலேற்றப் போனேன். மகனோடு தங்கியிருந்த ஒருவரும் வந்திருந்தார். வண்டி வரும் நேரத்தில் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் ஏதோ சொன்னார். கூட வந்த நண்பர் அதைத் தமிழில் சொன்னார்.

"வீட்டுக்குப் போனா இவர் சம்சாரம் கேக்குற முதல் கேள்வி, என் புள்ளைக்காக அங்க யாராவது அழுதாங்களாங்கிறதுதானாம். என்ன சொல்றதுன்னு தெரியாம ரயில்ல வரும்போதெல்லாம் தவிச்சிக்கிட்டே வந்தாராம். இப்ப சொல்றதுக்குப் பதில் இருக்குதுங்கிறார். ஒரு அம்மா மடியில போட்டுக்காத குறையா அழுதாங்கன்னு சொல்லுவாராம்."

அன்று பட்டை உடையாமல் இருந்திருந்தால், நாங்கள் நேராகச் சுடுகாட்டுக்குப் போயிருப்போம், அந்தப் பதில் இல்லாமலே அவர் ஊர் திரும்பியிருப்பார். நடுவழியில் வண்டி நின்ற அந்த நாளை என் கெட்ட நேரம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழவில்லை.